கொங்கு நாட்டுக்குப் புதுசா? சனி ஞாயிறு ஊர் சுற்றக் கிளம்பும் முன்

கோவைக்கு வேலைக்கு வந்த முதல் மாதமே ஊட்டிக்கு ஓடியவர்கள் யார் யார் என்று கேட்டால் நான் இரண்டு கையையும் தூக்குவேன். மாயவரத்துப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊரில் ரயில்வே மேம்பாலம்தான் ஆக உயரமான இடம். அப்படிப்பட்டவனுக்கு ஆபீஸ் ஜன்னலில் தினமும் மலை தெரிந்தால் எப்படி இருக்கும்? மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு ஆற அமரக் கிளம்பினேன். ஊட்டி போய்ச் சேரும்போது மதியம் இரண்டு. ஒரு மக்காச்சோளம் தின்றேன், ஒரு டீ குடித்தேன், திரும்பி வரும் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றேன். இரவு பதினொன்றரைக்கு வாசல் கேட்டைத் திறந்தால், வீட்டுக்கார அம்மா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங் தம்பி, சீசன்ல ஞாயித்துக்கெழமை ஆராச்சும் ஊட்டிக்குப் போவாங்களா?"

அதற்கப்புறம் அவர் சொல்லிக் கொடுத்த வரிசையில்தான் இந்தப் பக்கமெல்லாம் சுற்றினேன். முதலில் ஊருக்குள், அப்புறம் ஆற்றோரம், அப்புறம் காட்டு விளிம்பு, கடைசியாக மலை. கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கே வேலைக்கு வந்திருந்தாலும் இந்த வரிசை பொருந்தும். காரணம் ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் பார்க்கத் தகுந்த இடங்களில் பாதிக்கு மேல் வனத்துறை கேட்டுக்கு உள்ளே இருக்கின்றன. எப்போது திறக்கும், எப்போது மூடும், மழை வந்தால் என்ன, யானை வந்தால் என்ன என்பதெல்லாம் நம் கையில் இல்லை. இது பழக நாலைந்து வாரம் ஆகும்.

முதலில் திசை பிடிபடட்டும்

இங்கே வழி கேட்டால் இடது வலது என்று சொல்ல மாட்டார்கள். "அப்படியே மேக்கால போங்க, பள்ளிக்கூடத்துக்கு வடக்கால திரும்புங்க" என்பார்கள். திருதிருவென்று விழிக்க வேண்டாம். கோவையில் நின்று பார்த்தால் பெரிய மலைத்தொடர் தெரியும் பக்கம் மேற்கு. மேகம் மூடாத நாளில் இதைவிட நல்ல திசைகாட்டி கிடையாது. "அக்கட்டால" என்றால் அந்தப் பக்கம், "இக்கட்டால" என்றால் இந்தப் பக்கம். "போசி" என்றால் பாத்திரம். "நோம்பி" என்றால் திருவிழா.

எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் "பொழுதோட". எங்கள் ஊரில் பொழுதோடு வா என்றால் நேரத்தோடு வா, இருட்டுவதற்குள் வா என்று அர்த்தம். இங்கே அது சாயங்காலம். கூட வேலை பார்க்கும் ஒருவர் "சனிக்கிழமை பொழுதோட வந்துருங்க, தோட்டத்துக்குப் போலாம்" என்று சொன்னதை நம்பிக் காலை ஏழு மணிக்கே அவர் வீட்டு வாசலில் போய் நின்றவன் நான். அவர் பல் துலக்கிக்கொண்டே வந்து கதவைத் திறந்தார்.

அடுத்து பஸ் ஸ்டாண்டு. கோவையில் ஒரே இடத்திலிருந்து எல்லா ஊருக்கும் பஸ் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் முதல் சனிக்கிழமையைத் தொலைப்பதே இதில்தான். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். மேட்டுப்பாளையம், ஊட்டி என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் சாய்பாபா காலனி பக்கம் இருக்கும் பஸ் ஸ்டாண்டு. ஈரோடு, சத்தியமங்கலம், திருப்பூர், சேலம் என்றால் காந்திபுரம். மதுரை, திருச்சிப் பக்கம் ஊருக்குப் போக சிங்காநல்லூர். டவுன் பஸ்ஸுக்கும் காந்திபுரம்தான், ஆனால் அது தனி வளாகம். முதல் நாள் ராத்திரியே எந்த ஸ்டாண்டு என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்குத் தப்பான ஸ்டாண்டில் நின்றால் அங்கிருந்து அடுத்ததுக்குப் போகவே அரை மணி நேரம் போய்விடும்.

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஊருக்குள் சுற்றும் முதல் வாரத்துக்கு இது நல்ல வசதி.

முதல் வாரம்: ஊரைத் தாண்ட வேண்டாம்

அரை நாள் போதும். காந்திபுரத்தில் 70ஆம் எண் பஸ் ஏறினால் மருதமலை. அடிவாரத்திலிருந்து படி ஏறுங்கள். இந்தப் படிகளை மூச்சு வாங்காமல் ஏற முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் பின்னால் எந்த மலைக்குப் போகலாம், எதைத் தவிர்க்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். காலை ஆறரைக்கு மேலே நின்றால் கோவை மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். சாயங்காலம் பேரூர். நொய்யல் கரையில் பட்டீசுவரர் கோயில். கனகசபை மண்டபத் தூண்களுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். அங்கே யாரைக் கேட்டாலும் 'இறவாப் பனை, பிறவாப் புளி' கதையைச் சொல்வார்கள். சாகாத பனைமரம், விதை முளைக்காத புளியமரம். நின்று கேளுங்கள், ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சொல்வார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம், ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு. இரண்டுமே பறவைகள் சரணாலயம், இரண்டும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. வெள்ளோடு 2022லும் நஞ்சராயன் குளம் 2024லும் சேர்ந்தன. கார்த்திகையிலிருந்து மாசி வரை காலையில் போனால் வெளிநாட்டு வலசைப் பறவைகளைப் பார்க்கலாம். வெயில் ஏறிய பிறகு போனால் தண்ணீரும் கொக்கும்தான்.

இந்த முதல் வாரத்தில் இன்னொரு வேலையும் நடக்கும். கூட வருகிறவர்களின் குணம் தெரிந்துவிடும். ஐந்தரைக்கு வருகிறேன் என்று சொல்லி ஏழரைக்கு வருகிறவரை நீங்கள் மலைக்குக் கூட்டிப் போக முடியாது.

இரண்டாம் வாரம்: பவானிக் கரை

காவிரிப் பக்கத்து ஆளுக்கு ஆறு புதிதா என்ன? அப்படி நினைத்துத்தான் நானும் போனேன். பவானி வேறு மாதிரி ஆறு.

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் கொடிவேரி அணை. ஆற்றின் குறுக்கே கட்டிய பழைய தடுப்பணை. அதன் மேல் வழியும் தண்ணீர் நீளவாக்கில் அருவி மாதிரி விழும், அதன் கீழே வரிசையாக நின்று குளிக்கலாம். கோவையிலிருந்து என்றால் காந்திபுரத்தில் சத்தி (சத்தியமங்கலம்) பஸ், அங்கிருந்து கோபி போகும் வண்டி. ஈரோட்டிலிருந்து இன்னும் சுலபம். குளித்துவிட்டு வெளியே வந்ததும் மீன் வறுக்கும் வாசனை மூக்கைத் துளைக்கும். தட்டில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிடுங்கள். அரை நாள் வேலைதான். மீதி நேரத்தில் பவானிசாகர் அணைப் பூங்காவைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கேயும் மீன்தான்.

ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் பவானி கூடுதுறைக்குப் போகலாம். காவிரியும் பவானியும் சேரும் இடம். கண்ணுக்குத் தெரியாத அமுத நதி ஒன்றும் சேர்வதாகச் சொல்வார்கள். சங்கமேசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஊருக்குள் நடந்தால் பவானி ஜமுக்காளம் கிடைக்கும். நான் அன்று வாங்கிய ஜமுக்காளம் சிவப்பும் பச்சையும் கோடு போட்டது, நாலு பேர் உட்காரலாம். இன்றுவரை எல்லாப் பயணத்துக்கும் அதுதான் வருகிறது. ஓரத்தில் ஒரு இடத்தில் புளிக்குழம்புக் கறை, இன்னொரு இடத்தில் கொடிவேரி மீன் மசாலா. துவைத்தாலும் போகவில்லை.

இப்போது ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்துக்கு மேலே பில்லூர் அணை இருக்கிறது, மின்சாரம் எடுக்கும் அணை. அங்கே தண்ணீர் திறந்தால் கீழே ஆற்றில் திடீரென்று மட்டம் ஏறும். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளிச்சமாக இருக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது, ஆனாலும் முழங்கால் தண்ணீர் சற்று நேரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் வெளியூர்க்காரர்கள் அடித்துப்போன செய்தி அடிக்கடி வரும். அதனால் ஆள் இல்லாத துறையில் இறங்க வேண்டாம். உள்ளூர்க்காரர் யாராவது குளிக்கிறாரா என்று பாருங்கள். அவர் கரையேறினால் நீங்களும் ஏறிவிடுங்கள், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கொடிவேரியிலும் தண்ணீர் அதிகம் திறக்கும் நாளில் குளிக்கத் தடை போடுவார்கள். ஆடிப் பதினெட்டு அன்று கூட்டத்தில் தண்ணீரே தெரியாது.

சாப்பாடு கட்டிக்கொள்வது

இதற்குத் தனித் தலைப்பு கொடுத்தே ஆக வேண்டும். காட்டுப் பக்கம் போனால் ஓட்டல் கிடையாது, இருக்கும் ஒன்றிரண்டிலும் மதியம் ஒன்றரைக்கு எல்லாம் தீர்ந்துவிடும்.

வீட்டுக்கார அம்மா எனக்கு முதலில் செய்து கொடுத்தது அரிசிம்பருப்புச் சோறு. அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, மிளகு சீரகம் தாளித்து ஒரே குக்கரில் வைப்பது. கூட நெய்யும் ஊறுகாயும் இருந்தால் போதும். இந்தப் பக்கம் யார் வீட்டில் அவசரமாகச் சமைத்தாலும் இதுதான் அடுப்பில் இருக்கும். ஆனால் அது சுடச்சுட வீட்டில் சாப்பிட வேண்டிய பண்டம். வெயிலில் எடுத்துப்போனால் மதியத்துக்குள் நசநசத்துப் போய்விடும். வெளியே எடுத்துப்போகப் புளிச்சோறுதான் சரி. இன்னொன்று, சோற்றைப் பரப்பி நன்றாக ஆறவைத்த பிறகே கட்டுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து ஊசிப்போகும். "ஆறாத சோத்த மூடுனா அது சோறாகாது சாமி" என்பார் அம்மா.

பிளாஸ்டிக் டப்பா, கவர் வேண்டாம். வனத்துறைச் சாவடியில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள். வாழையிலையில் கட்டுங்கள், இல்லையென்றால் எவர்சில்வர் தூக்குப்போசி. தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டில். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீர் பற்றிப் பெருமை பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அதை நிரப்பிக்கொண்டு போங்கள், பெருமை நியாயமா என்று நீங்களே முடிவு செய்யலாம். பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தண்ணீரே தேவையில்லை, வழி நெடுக இளநீர்.

மூன்றாம் வாரம்: காட்டின் வாசல்

சிறுவாணி அடிவாரத்தில் கோவைக் குற்றாலம். கோவையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நான் முதலில் போனது ஒரு திங்கட்கிழமை, ஏதோ அரசு விடுமுறை. விடுமுறை நாளில் கூட்டமாக இருக்கும் என்று விடியற்காலையிலேயே போய்விட்டேன். சாவடியில் ஒரு காவலர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கேட் பூட்டியிருந்தது.

"திங்கக்கெழமை லீவுங்க."

"இன்னைக்கு ஊருக்கே லீவாச்சே."

"அருவிக்கும் லீவுங்க," என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினார்.

தப்பு என்னுடையது, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆகவே காட்டு இடங்களுக்கு இப்படிச் செய்யுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். அன்று காலை உள்ளூர்ச் செய்தியை ஒருமுறை பாருங்கள். அருவியில் வெள்ளம் என்றால் அன்றைக்கே மூடிவிடுவார்கள், முன்கூட்டிச் சொல்ல அவர்களுக்கே தெரியாது. மதியத்துக்குமேல் போனால் உள்ளே விடுவது நின்றிருக்கும், அதனால் காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். ஆழியாறு பக்கத்துக் குரங்கு அருவிக்கும், உடுமலைக்குத் தெற்கே திருமூர்த்தி மலையின் பஞ்சலிங்க அருவிக்கும் இதே கதைதான்.

கோவையைச் சுற்றி எனக்கு ரொம்பப் பிடித்த இடம் பரளிக்காடு. காரமடை வழியாக உள்ளே போக வேண்டும், பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில். வனத்துறையும் அங்குள்ள பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். சனி ஞாயிறுதான், முன்பதிவு கட்டாயம், நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது. போனதும் சுக்குக் காப்பி கொடுப்பார்கள். அப்புறம் பரிசல். நடுத் தண்ணீரில் பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டால் சத்தமே இருக்காது. என் பரிசலில் இருந்த ஒரு பெரியவர் அந்த நேரம் பார்த்து ஆபீஸ் போன் வந்துவிடுமோ என்று சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சிக்னல் இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மதியம் ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு, ராகிக் களியும் உண்டு.

சிக்னல் இல்லை என்றதும் நினைவுக்கு வருகிறது. காட்டுப் பக்கம் போகும்போது கையில் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டவர் கிடைக்காத இடத்தில் ஜிபே அட்டை வெறும் சுவர்ப்படம். வழிகாட்டும் மேப்பையும் வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகப் போகும் டாப்சிலிப்பு என்ற காட்டு இடத்துக்கு இருசக்கர வண்டியை விடமாட்டார்கள், கார் அல்லது பஸ்தான். கோடையில் காட்டுத்தீ பயம் இருந்தால் மூடிவைப்பதும் உண்டு. வெள்ளியங்கிரி ஏழு மலை ஏற ஆசைப்படுகிறவர்கள் பொறுங்கள். மாசியிலிருந்து வைகாசி வரைதான் அனுமதி, அதுவும் ராத்திரியெல்லாம் நடக்க வேண்டிய செங்குத்தான ஏற்றம். ஆண்டுதோறும் மூச்சுத்திணறியும் மாரடைப்பிலும் ஆட்கள் இறக்கிறார்கள். மருதமலைப் படியில் நின்று நின்று ஏறியவர்கள் முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம்.

அப்புறம் மலை

இப்போது ஊட்டிக்கு வரலாம். சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போனால் இ-பாஸ் வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் தொடங்கிய நடைமுறை. அரசு இணையதளத்தில் பெயர், போன் எண், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று நிரப்பினால் வந்துவிடும், பணம் கிடையாது. ஆனால் சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தேடினால் கிடைக்காமல் போகலாம், முந்தின வாரமே எடுத்துவையுங்கள். கல்லாறு சாவடியில் காட்ட வேண்டும், சிக்னலை நம்பாமல் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வால்பாறைக்கும் 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் எதுவும் கூடாது, தண்ணீர் பாட்டில் உட்பட. அபராதம் போடுவார்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவதும் உண்டு. அது தொந்தரவு இல்லை, கோத்தகிரி வழிதான் எனக்குப் பிடித்தது.

மலை ரயிலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கி, 1908இல் ஊட்டியைத் தொட்டது. 46 கிலோமீட்டர். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு மத்தியில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும், இழுக்காது. காலை ஏழு மணி சுமாருக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பினால் ஊட்டிக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். டிக்கெட்டுக்கு இரண்டு மாதம் முன்பே உட்கார வேண்டும். கிடைக்கவில்லையா, பஸ்ஸில் குன்னூர் போய் அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறுங்கள். அந்தப் பாதையில் பல்சக்கரம் இல்லை, டீசல் எஞ்சின்தான், ஆனால் ஒரு நாளைக்குச் சில வண்டிகள் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் குன்னூர் பாதை அடிக்கடி நின்றுபோகும், அந்த மாதங்களில் ரயிலை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கொண்டை ஊசியில் வண்டி ஓட்டுவது

சமதளத்தில் பத்து வருடம் வண்டி ஓட்டிய தைரியம் இங்கே செல்லாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், சத்தியமங்கலம் பக்கம் பண்ணாரியிலிருந்து மலைமேல் இருக்கும் திம்பத்துக்கு 27. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும்.

ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும், ஏறும் வண்டி நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், கருகிய வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை. ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைக்கவே வேண்டாம். வளைவுக்கு முன்னால் ஹாரன், வளைவில் முந்தக் கூடாது, எதிரில் பஸ் வந்தால் அது வளைந்து முடிக்கும் வரை கீழேயே காத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு முழு ரோடும் தேவைப்படும். பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றினால் எலுமிச்சம்பழம் கையில் கொடுங்கள். காலையில் வயிறு முட்டப் பூரி சாப்பிட்டவர்தான் முதலில் படுப்பார்.

வால்பாறைக்கு ஒரு நாளில் போய்த் திரும்புவது வண்டிக்கும் உடம்புக்கும் தண்டனை. ஒரு ராத்திரி தங்குங்கள். ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை முழுதாகத் தெரியும், வரையாடுகள் ரோட்டோரச் சுவரில் நிற்பதையும் பார்க்கலாம். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள். தீனி போடாதீர்கள், ரோட்டுக்கு வந்து பழகி வண்டியில் அடிபடுகின்றன. ஆனி ஆடியில் போனால் மழையும் அட்டையும் இருக்கும், ஒரு சின்னப் பொட்டலம் உப்பு எடுத்துப்போங்கள். இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கக் கூடாது, சிறுத்தை நடமாட்டம் உண்டு. யானைக் கூட்டம் பக்கத்தில் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும் கம்பங்களைச் சில இடங்களில் நட்டிருக்கிறார்கள். எரிந்தால் திரும்பிவிடுங்கள்.

திம்பம் வழியில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வண்டி விடமாட்டார்கள், லாரிகளுக்கு மாலை ஆறுக்கே தடை. நான் அந்தப் பக்கம் போனது சத்தியிலிருந்து அரசு பஸ்ஸில். ஆசனூர் தாண்டி ஒரு இடத்தில் பஸ் நின்றது, டிரைவர் எஞ்சினையும் அணைத்துவிட்டார். முன்னால் ஒரு கரும்பு லாரி. அதன் பக்கத்தில் ஒரு பெண் யானை, காலுக்கடியில் குட்டி. துதிக்கையை மேலே விட்டு ஒரே ஒரு கரும்பை உருவியது, இரண்டாக ஒடித்தது, ஒரு பாதியைக் கீழே போட்டது. குட்டி அதை எடுக்கத் தெரியாமல் மிதித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் நாற்பது பேர், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கண்டக்டர் மட்டும் காதோரம் சொன்னார்: "டோல்கேட்டுங்க. வசூல் முடிஞ்சாத்தான் விடும்."

உங்கள் சொந்த வண்டிக்கு முன்னால் யானை வந்தால், தள்ளியே நிறுத்துங்கள். ஹாரன் கூடாது, பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, கதவைத் திறக்கவே கூடாது. அது கடந்த பிறகும் இரண்டு நிமிடம் பொறுங்கள், பின்னால் இன்னொன்று வரும்.

நாள் பார்ப்பது

மே மாத ஞாயிறு, பொங்கல் விடுமுறை, தீபாவளிக்கு மறுநாள், இந்த மூன்றிலும் மலைப்பக்கம் போகாதீர்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் பழனி போகும் ரோடுகளில் ராத்திரியெல்லாம் பாதயாத்திரை போவார்கள், வண்டியை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) நேரத்தில் சத்திப் பக்கம் நெரிசல். பரீட்சை நடக்கும் மாதங்களில் எங்கேயும் கூட்டம் இருக்காது, பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு அதுதான் சீசன்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒன்று. மலையில் இறங்கியதும் வேடிக்கை பார்க்கப் போவதற்கு முன்னால் கண்டக்டரிடம் "அண்ணா, கடைசி வண்டி எத்தன மணிக்குங்க?" என்று கேளுங்கள். பாதிப் பேர் மணி சொல்வார்கள். மீதிப் பேர் "பொழுதோட வந்துருங்க" என்பார்கள். நான் ஐந்து மணிக்கே போய் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்துவிடுகிறேன்.